காத்திருந்து காணும் ஒளி



உயிரணு ஒன்றினுள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் ஒருங்கே இயங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நிறமற்றவை. ஆகவே, நாம் தேடும் புரதத்தை நுண்ணோக்கியில் காண வேண்டுமாயின், அதற்கு ஒளிரும் அடையாளம் ஒன்றை இட வேண்டும். ஜெல்லிமீனிலிருந்து கிடைத்ததாக ஒசாமு ஷிமோமுரா குழுவினர் 1962இல் அறிவித்த பச்சை ஒளிர்புரதம் பின்னாளில் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. அதன் கண்டுபிடிப்புக்கும் மேம்பாட்டுக்கும் 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. ஒளியைப் பாய்ச்சும்போது, உயிரணுவில் இயல்பாக உள்ள சில மூலக்கூறுகளும் ஒளிர்கின்றன. அடையாளத்தின் மெல்லிய ஒளி அவற்றிடையே மறைந்துவிடக்கூடும். இங்கேதான் டெர்பியம், யூரோப்பியம் போன்ற உலோகங்களின் அணைவுச் சேர்மங்கள் துணைபுரிகின்றன. உயிரணுவின் இயல்பொளி சில நானோநொடிகளில் மறையும். நானோநொடி என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. டெர்பிய அணைவின் ஒளியோ ஏறத்தாழ ஒரு மில்லிநொடி நீடிக்கும். எனவே, ஒளியைப் பாய்ச்சி, சிறிது காத்திருந்து, பின்னர்ப் படம் எடுத்தால் அடையாளத்தின் ஒளி மட்டுமே பதிவாகும்.

டெர்பிய அயனி தனித்து நின்றால் ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். சூழ்ந்துள்ள நீர் மூலக்கூறுகளும் அதன் ஆற்றலைக் கவரும். ஆதலால் அதனைக் கரிம மூலக்கூறாலான கூட்டினுள் பொதிகின்றனர். அக்கூட்டின் ஒரு பகுதி ஒளியை ஏற்று, அதன் ஆற்றலை அயனிக்கு வழங்குகிறது.

இவ்வணைவு உரிய புரதத்தைச் சேர்வது எங்ஙனம்? டிரைமெத்தோபிரிம் என்னும் மருந்து, ஈ.கோலி பாக்டீரியாவின் நொதி ஒன்றை இறுகப் பற்றும். பாலூட்டிகளின் அவ்வகை நொதியைத் தளர்வாகவே பற்றும். ஆய்வாளர்கள் அந்த பாக்டீரிய நொதியை மரபணு வழியே புரதத்துடனும், மருந்தினை அணைவுடனும் இணைக்கின்றனர். மருந்து நொதியைப் பற்றியதும் புரதம் அடையாளம் பெறுகிறது. பச்சை ஒளிர்புரதம் தாங்கிய மற்றொரு புரதம் ஏறத்தாழ 10 நானோமீட்டருக்குள் நெருங்கினால், டெர்பியம் தன் ஆற்றலை அதற்கு அளிக்கும். இரு புரதங்கள் கூடுவதை இவ்வாறு அறியலாம். அக்கூட்டத்தைத் தடுக்கும் மருந்துகளைத் தேடுவோர்க்கும் இம்முறை உதவுகிறது. எனினும், இத்தகைய அணைவுகள் பல உயிரணுச் சவ்வைத் தாமே எளிதில் கடப்பதில்லை. அவற்றை உள்ளே செலுத்துவது இன்னும் கடினமான பணியே.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. தூண்டும் ஒளி நின்றவுடன் மறைவதை உடனொளிர்வு என்கிறோம். நின்ற பின்னும் நீடிப்பதை நின்றொளிர்வு என்கிறோம். டெர்பியத்தின் ஒளி இவ்விரு வரையறைகளுள் முற்றும் அடங்காது. எனினும், இம்முறைக்கு அடிப்படையான கால வேறுபாட்டை இச்சொற்களே மாணவர்க்கு உணர்த்திவிடுகின்றன. வகுப்பறையில் நாம் வழங்காவிடில் இவை அகராதியில் மட்டுமே எஞ்சும். மாணவர் பெயரை மனனம் செய்வர், பொருளை இழப்பர். சொல்லை வழங்குவோம், அதன்வழி அறிவியலையும் விளக்குவோம்.