மூன்று பேர் ஏறினாலும் கிளம்பும் வண்டி

சிவகாசியை ஒட்டியிருக்கும் விஸ்வநத்தத்தில் பொழுது முழுதாக விடியும் முன்பே பஸ் நிறுத்தத்தில் பெண்கள் கூடிவிடுகிறார்கள். கையில் தூக்குவாளி, தோளில் துணிப்பை, பருத்திச் சேலைக்கு மேல் ஓர் ஆண் சட்டை. எல்லாரும் 'பயர் ஆபீஸ்' போகிறவர்கள். பட்டாசு ஆலைக்கு அந்தப் பக்கத்து மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. தீப்பெட்டி ஆலை என்றால் 'தீப்பெட்டி ஆபீஸ்'. சாயங்காலம் இவர்கள் திரும்பும்போது பஸ் கம்பியில் பிடித்த இடத்தில் வெள்ளி நிறத்தில் விரல் தடம் விழும். அலுமினியப் பவுடர் சோப்புக்கு எளிதில் மசியாது.

இவர்களில் சிலரை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வரும். சிலர் ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து போவார்கள். மற்றவர்கள் டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்கள். மூன்றும் அதே தார்ச்சாலையில்தான் ஓடுகின்றன. ஆனால் காலியாகக் கிடக்கும் இருக்கைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு மூன்றும் மூன்று பதில் சொல்கின்றன.

ஷேர் ஆட்டோ மாதிரியான வண்டி வெளிநாடுகளிலும் உண்டு. தாய்லாந்தில் ஊருக்கு ஊர் 'சொங்தேவ்' என்றொரு வண்டி. லோடு வண்டியின் பின்புறம் எதிரெதிராக இரண்டு பலகை போட்டிருப்பார்கள். அந்தப் பெயருக்கே 'இரண்டு வரிசை' என்றுதான் பொருள். பிலிப்பைன்ஸில் ஜீப்னி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிக் கட்டிப் பிறந்த வண்டி அது. ஜீப்னி ஓட்டுநர் பெரும்பாலும் உரிமையாளருக்கு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். டீசலும் அவர் செலவுதான். மிஞ்சுவதுதான் அவர் கூலி. அதனால் ஆள் நிறையும்வரை நிற்பார். சிவகாசி பஸ் நிலையத்து வாசலில் இன்னும் ஒரு ஆள், இன்னும் ஒரு ஆள் என்று கூவும் ஷேர் ஆட்டோக்காரரின் கணக்கும் இதேதான். அவரைக் குறை சொல்ல முடியாது. காலி இருக்கை அவருடைய அரிசியைத் தின்கிறது.

கம்பெனி வேனில் அந்தச் செலவு முதலாளியைச் சேரும். வண்டி நேரத்துக்கு வரும், வாசலிலேயே இறக்கிவிடும். ஆனால் அந்த ஒரு வாசலில் மட்டும்தான். இந்த வட்டாரத்துக்குக் கம்பெனி வண்டியைப் பற்றி ஆறாத நினைவு ஒன்றும் உண்டு. 1983-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரி சிவகாசித் தீப்பெட்டித் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சுற்றுக் கிராமங்களில் விடியுமுன்பே குழந்தைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஆலைப் பேருந்துகளில் ஏற்றிப்போனதை நாடு அதில் படித்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. இன்று அதே சாலையில் பள்ளிச் சீருடையும் இலவச பஸ் பாஸுமாகப் பிள்ளைகள் படியேறுவதைப் பார்க்கும் ஐம்பது வயதுக்காரர்கள் பலருக்கு மனம் கனத்துப்போகும். அவர்களில் சிலர் அன்று அந்த வண்டிக்குள் இருந்தவர்கள்.

ரயில் இந்த ஊருக்குப் பிந்தித்தான் வந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் முன்னோடிகளான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அந்தத் தொழிலைக் கற்க கல்கத்தா போன 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியில் ரயில் நிலையமே கிடையாது. விருதுநகர் - தென்காசிப் பாதை திறந்தது 1927-ல். இன்று சென்னைக்கும் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் அந்தப் பாதையில் வண்டி ஓடுகிறது. ஆனால் ஊர் செய்யும் சரக்குக்கு மட்டும் அதில் இடமில்லை. ஒரே ஒரு மத்தாப்புப் பெட்டியோடு ரயிலில் ஏறினாலும் ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சரக்கு லாரியில் போகும், செய்தவர் பஸ்ஸில் போவார்.

அந்த பஸ்ஸும் எல்லாரையும் எளிதாக ஏற்றிக்கொண்டுவிடவில்லை. 1997 மே மாதம் விருதுநகர் மாவட்டத்துக்கென அமைந்த போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த வீரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள். பகை மூண்டது, உயிர்கள் போயின. அந்த ஜூலையில் மாநிலம் முழுவதும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டன. இந்தப் பக்கத்து வண்டிகள் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' ஆயின. ஒரே இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவது இந்தப் பக்கத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை தலைவர் பெயர் இல்லாத அந்த வெறும் பலகையைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

மினி பஸ் திட்டமும் அதே 1997-ல் வந்ததுதான். பெரிய பஸ் நுழையாத கிராமங்களுக்குத் தனியார் சிறு பேருந்து. சொங்தேவின் வேலையைத் தடமும் கட்டணமும் வகுத்துச் செய்யச் சொன்ன ஏற்பாடு. 2025-ல் அதை விரிவாக்கி, 25 கிலோமீட்டர் வரை ஓடலாம், அதில் பெரும்பகுதி இதுவரை பஸ் போகாத சாலையாக இருக்க வேண்டும் என்று அரசு மாற்றியமைத்தது. உரிமையாளர் தனியார் என்பதால் காலி இருக்கைச் சங்கடம் இதிலும் உண்டு. கூட்டமில்லாத மதிய நடை நின்றுபோகும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. அந்த நடையைக் கேட்டு வாங்க ஊர் விழிப்போடு இருக்க வேண்டியிருக்கிறது.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலி இருக்கையோடு பெண்கள் உட்காரும் இருக்கைக்கும் அரசே பணம் கட்டுகிறது. கண்டக்டர் தொகை இல்லாத ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வாரக்கூலி வாங்கும் வீட்டில் அது சிறிய தொகையல்ல.

பணத்தைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. வெடிக்குத் திரி வைக்கும் வேலையில் பத்து வருடம் பழகிய ஒருத்திக்கு, அடுத்த ஊர் ஆலையில் கூலி கூட என்று காதில் விழுகிறது. இப்போதைய கம்பெனியின் வேன் அங்கே போகாது. ஷேர் ஆட்டோ போகும், ஆனால் கூடக் கிடைக்கும் கூலியை அதுவே வாங்கிக்கொள்ளும். டவுன் பஸ் இருந்தால் விசாரித்துவிட்டு வரலாம், பிடிக்கவில்லை என்றால் மறுநாள் பழைய இடத்துக்கே திரும்பலாம். மதியத்தில் தாலுகா ஆபீஸ் போகலாம், பிள்ளையை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், யாரிடமும் கை நீட்டாமல்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைகளுக்கு விடுமுறை. கம்பெனி வேன்கள் ஷெட்டில் நிற்கும். அன்று காலை முதல் நடையில் மூன்று பேர்தான். முன் இருக்கையில் பூ வைத்த ஓர் ஆத்தா, பக்கத்தில் பேத்தி, பின்னால் ஒரு கல்லூரி மாணவி. கண்டக்டர் மூன்று சீட்டைக் கொடுத்துவிட்டு விசில் ஊதுகிறார். "திருத்தங்கல் கோயிலுக்கா ஆத்தா? சிவகாசியில இறங்கி அடுத்த வண்டி மாறிக்கோங்க" என்கிறார். வண்டி நகர்கிறது.