திண்ணையில் பாடிய பாட்டு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

ஒரு பாட்டு யாருக்கு உரியது? இயற்றியவருக்கா, இசையமைத்தவருக்கா, பாடியவருக்கா, கேட்டவருக்கா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வாழ்க்கை நல்லதொரு சான்று. முதல் மூன்று பணிகளையும் அவர் ஒருவரே செய்தார். ஆயினும், கேட்பவர் உள்ளத்தில் இடம்பெறும்வரை பாட்டு நிறைவுறாது என்பதை அவர் வாழ்க்கை நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

நாகைப் பகுதியிலுள்ள நரிமணத்தில் பிறந்த பாரதியார், திருவிடைமருதூரில் ராமதாசரிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். இல்லறம் ஏற்காமல் இசையையே துணையாகக் கொண்டார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளைக் கண்டபோது, ஆபோகி இராகத்தில் ஏதேனும் பாடியதுண்டா என்று சுவாமிகள் வினவினாராம். அந்த வினாவே வித்தாக, அவ்விராகத்தில் தில்லைக் கூத்தன்மீது ஒரு கீர்த்தனை பிறந்தது என்பர். கேட்க விரும்பிய ஒருவர் இருந்தார், பாட்டு வந்தது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை உருவான விதமும் எண்ணத்தக்கது. சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் தொண்டரைத் தடுக்கும் பண்ணை முதலாளி இல்லை. தம் பிறப்பை எண்ணி அவரே தயங்கி நாளைக் கடத்துகிறார். பாரதியாரோ வேதியர் என்னும் பாத்திரத்தைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தால்தான் தில்லைக்கு விடை கிடைக்கும் என்று கதையை அமைத்தார். காவிரிக் கரையில் அவர் கண்ட பண்ணையாள் வாழ்க்கை புராணத்துக்குள் புகுந்தது. கீர்த்தனைக்கும் விருத்தத்துக்கும் அருகே நொண்டிச்சிந்தும் கண்ணிகளும் அமர்ந்தன. கற்றோரும் மற்றோரும் ஒரே அவையில் இருந்து கேட்கும் கதையாக அது வளர்ந்தது.

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அவர் அணுகினார். பிள்ளைக்கோ மனம் வரவில்லை. பெரியபுராணத்தினின்று கதை விலகியிருந்தது. சொற்களில் இலக்கண வழுக்கள் இருந்தன. பாரதியார் பலமுறை வந்தும் பாயிரம் கிடைக்கவில்லை. அவர் சினக்கவில்லை; வாதிடவும் இல்லை. ஒருநாள் திண்ணையில் அமர்ந்தவர், தம்மை மறந்து தம் கீர்த்தனைகளைப் பாடலானார். உள்ளே இருந்த பிள்ளையின் உள்ளம் உருகியது, பாயிரமும் கிடைத்தது. இச்செய்தியைத் தமிழுலகுக்குப் பாதுகாத்துத் தந்தவர் பிள்ளையின் மாணவரான உ.வே.சாமிநாதையர்.

இங்கே இலக்கணம் தோற்றதென்று கொள்ளலாகாது. பாயிரம் கிடைத்ததனால் வழு வழுவல்லாது போய்விடவில்லை. பின்னாளில், 1871ஆம் ஆண்டையொட்டி, சாமிநாதையர் பாரதியாரிடம் இசை கற்றபோது, தமிழ்ப் படிப்புக்கு அது இடையூறாகும் என்று பிள்ளை விரும்பவில்லை; பாடம் நின்றது. தம் கொள்கையில் அவ்வளவு உறுதியுடைய ஒருவர் பாயிரம் எழுதினார் என்பதே அந்தப் பாயிரத்தின் பெருமை. புலவராக மறுத்தவர், கேட்பவராக ஏற்றார்.

பாரதியாரின் மெட்டுகள் அவர் நூலோடு நிற்கவில்லை. தேச விடுதலைப் போராட்டக் காலத்தில் சுப்பிரமணிய பாரதியார், வ.உ.சிதம்பரம் பிள்ளையிடம் கலெக்டர் விஞ்சு துரை பேசுவதாக அமைத்த பாட்டை நந்தனார் சரித்திர மெட்டிலேயே இயற்றினார். வேதியரின் அதட்டல் துரையின் அதட்டலாயிற்று. மக்கள் செவியில் மெட்டு முன்னரே குடியிருந்ததால் குறிப்புப் பொருள் உடனே விளங்கியது. கேட்டவர்கள் காத்து வைத்த செல்வத்தையே பின்வந்த கவிஞர் எடுத்தாண்டார். 1942இல் ஜெமினி வெளியிட்ட ‘நந்தனார்’ படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடியபோது, அக்கதை மேலும் பல செவிகளை எட்டியது.

ஆனால் ஒரு கடன் இன்னும் நிற்கிறது. ஆனைதாண்டவபுரத்தில் பாரதியாரை ஆதரித்த அண்ணுவையரின் பெயர் தெரியும். பாயிரம் தந்தவர் பெயரும் தெரியும். சேற்றில் நின்று நாற்று நட்டு, தம் துயரையே பாட்டின் பொருளாகத் தந்தவர்களின் பெயர் தெரியாது. அவர்களுடைய ஏக்கம் இல்லையேல் ‘நாளைப் போவேன்’ என்ற சொல்லுக்கு அத்தனை கனம் ஏது? நந்தனார் சரித்திரத்தைப் போற்றும் ஒவ்வொருவரும் அவர்களுக்கும் கடமைப்பட்டவரே.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் கவிதை படித்தோர் பலர். மாதந்தோறும் வந்தமர்ந்து செவி தந்தோர் அவர்களினும் பலர். மேடையேறாத அந்த அன்பர்களும் இம்மலரின் ஆசிரியர்களே. திண்ணையில் பாடியவருக்கு உள்ளே ஒரு செவி வாய்த்தது போல, இங்குள்ள ஒவ்வொரு பாவலருக்கும் வாய்த்த செவிகள் அவை.