ஆவணக்காப்பகத்தின் கதவு யாருக்காகத் திறக்க வேண்டும்?

(பாரம்பரிய இசை, நடனக் கலைகளைப் பாதுகாப்பது குறித்து புதுதில்லியில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தில்லி மெட்ரோவின் நீலத் தடத்தில் மண்டி ஹவுஸ், ஷாதிப்பூர் என இரண்டு நிலையங்கள் உள்ளன. மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில் சங்கீத நாடக அகாதமி இயங்குகிறது. 1953 ஜனவரி 28 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அதைத் தொடங்கி வைத்தார். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி.வி.ராஜமன்னார் அதன் முதல் தலைவர். நாடு முழுவதும் திரட்டப்பட்ட இசை, நடன, நாடகப் பதிவுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

ஷாதிப்பூர் அருகே கட்புத்லி காலனி இருந்தது. ராஜஸ்தானிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொம்மலாட்டக் கலைஞர்கள் அங்கே குடியேறினர். டோலக் வாசிப்போர், கழைக்கூத்தாடிகள், செப்பிடு வித்தைக்காரர்கள் எனப் பலரும் அவர்களோடு சேர்ந்து வாழ்ந்தனர். 1970களில் அக்கலைஞர்கள் ‘பூலே பிஸ்ரே கலாகார்’, அதாவது மறக்கப்பட்ட கலைஞர்கள், என்ற பெயரில் கூட்டுறவு அமைப்பாகத் திரண்டனர். 1985இல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவில் நாட்டின் பெருமையாக நிறுத்தப்பட்டவர்களில் இக்குடியிருப்பின் கலைஞர்களும் இருந்தனர். 2009இல் அதே நிலத்தை மறுசீரமைக்கும் பணி தனியார் கட்டுமான நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2017 அக்டோபர் இறுதியில் புல்டோசர்கள் வந்தன. குடும்பங்கள் ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்கும் நரேலாவுக்கும் சிதறின.

ஒரு நிலையத்தில் கலையின் பதிவு குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கிறது. மற்றொரு நிலையத்தில் கலைஞரின் கூரை இடிக்கப்படுகிறது. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகப் பார்க்க நமக்கு உரிமையில்லை.

பதிவு எதற்காக?

வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாத மக்களுக்கு ஒலிநாடா எதற்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நாட்டார் கலைகள் எழுத்தில் வாழ்பவை அல்ல. ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்குக் காதுவழியும் கைவழியும் தருபவை. பஞ்சம், இடப்பெயர்வு, சாதிய இழிவு, வருமானமின்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்தக் கண்ணியை அறுத்தால், மீண்டும் பற்றிக்கொள்ளப் பதிவைத் தவிர வேறு பிடிமானம் இராது. அடவு, தாளம், மெட்டு ஆகியவற்றை ஏடு முழுமையாகக் காப்பாற்றாது. ஒலியும் ஒளியும்தான் காப்பாற்றும்.

நெதர்லாந்து அறிஞர் அர்னால்டு பாக்கே 1938இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து நாட்டார் இசையையும் ஆடலையும் ஒலியாகவும் மௌனப்படமாகவும் பதிவு செய்தார். அவரிடம் லண்டனில் பயின்ற நசீர் ஜைராஸ்போய், ஏமி காட்லினுடன் 1984இல் அப்பதிவுகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் பாக்கே சென்ற இடங்களுக்கே சென்றார். சில கலைகள் உயிரோடு இருந்தன, சில உருமாறியிருந்தன, சில மறைந்துவிட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றத்தை அளக்க முடிந்ததற்குக் காரணம், 1938இன் பதிவு கையில் இருந்ததுதான்.

ஜைராஸ்போயின் முன்முயற்சியில் 1982இல் உருவானது இனக்குழு இசையியலுக்கான ஆவண, ஆய்வு மையம். இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனத்தின் கீழ், தில்லியை ஒட்டிய குருகிராமில் அது இன்று இயங்குகிறது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே பதிவு செய்து கொண்டுசென்றவற்றின் படிகளை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவருவது அதன் தொடக்ககால நோக்கங்களில் ஒன்று. நமது மக்களின் பாட்டைக் கேட்க நாமே லண்டனுக்குப் போக வேண்டிய நிலை இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அம்மையம் மேற்கு ராஜஸ்தானின் லங்கா, மங்கணியார் கலைஞர்களோடு கூட்டாகவும் பணியாற்றியுள்ளது. மங்கணியார்கள் இஸ்லாமியர்கள், இந்து ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்பிலும் திருமணத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருபவர்கள். வெறுப்பு அரசியல் தலைவிரித்தாடும் காலத்தில் அத்தகைய ஒலிப்பதிவு ஒரு வரலாற்றுச் சான்றும் ஆகும்.

இரண்டு சட்டங்கள், ஒரு கலைஞர்

ஆனால், பதிவு செய்யப்பட்டவரின் நிலை என்ன? இதை நமது சட்டங்களே அம்பலப்படுத்துகின்றன.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின் மூலம் நிகழ்த்துநர் உரிமை சேர்க்கப்பட்டது. நிகழ்த்துநர் யார் என்ற வரையறையில் பாடகர், நடனக் கலைஞர் ஆகியோருடன் கழைக்கூத்தாடி, செப்பிடு வித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோரும் இடம்பெற்றுள்ளனர். 2012 திருத்தம், நிகழ்ச்சி வணிகரீதியில் பயன்படுத்தப்படும்போது உரிமத்தொகை பெறவும், நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படவும் உரிமை வழங்கியது.

மறுபுறம், 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. பொது இடத்தில் பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ காசு பெறுவதையும் அது பிச்சை என்றே வரையறுத்தது. அதாவது, ஒலிவாங்கியின் முன்னால் பாடுபவர் உரிமை பெற்ற கலைஞர். அதே பாட்டைத் தெருவில் பாடினால் கைது செய்யப்பட வேண்டிய குற்றவாளி! 2018 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை அரசமைப்புக்கு எதிரானவை என்று செல்லாததாக்கியது. சட்டத்தின் வாசகம் வீழ்ந்தது. காவலரின் தடி வீழ்ந்துவிட்டது என்று கூற முடியாது.

வர்க்க சமூகம் கலையைச் சரக்காகவும் கலைஞரைச் சுமையாகவும் பார்க்கிறது. பதிவை விற்கலாம், விழாவில் ஒளிபரப்பலாம், சுற்றுலா விளம்பரத்தில் சேர்க்கலாம். கலைஞருக்கோ வீடு தர வேண்டும், நீண்ட மூங்கில் கழியை வைக்க இடம் தர வேண்டும், பிள்ளைகள் கயிற்றில் நடந்து பழகத் திறந்தவெளி தர வேண்டும். இவற்றுக்கு அடுக்குமாடித் திட்டத்தில் இடமில்லை. பயிற்சிக்களம் பறிபோன பிறகு காப்பகத்தில் எஞ்சுவது கலையின் நினைவுக்குறிப்பு மட்டுமே.

நமது மரபும் நமது கடமையும்

இத்துறையில் நமக்கென ஒரு மரபு உண்டு. 1943 மே மாதம் பம்பாயில் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம், நாட்டார் கலை வடிவங்களை உழைக்கும் மக்களின் மேடைக்குக் கொண்டுவந்தது. தமிழகத்தில் பேராசிரியர் நா.வானமாமலை, ஊர்ப்புறங்களில் வாழ்ந்த தோழர்கள், நண்பர்கள் ஆகியோரின் துணையோடு பாடல்களைத் திரட்டி 1964இல் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ நூலைக் கொண்டுவந்தார். சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் குறித்துவைத்தது அந்த நூலின் நேர்மை. வயலிலும் களத்திலும் வாழும் மக்களே ஆவணக்காப்பாளர்களாக முடியும் என்று அப்பணி மெய்ப்பித்தது. அந்தச் சொற்களைச் சுமந்த குரல்களையும் சேர்த்துக் காக்கும் வசதி அன்று இல்லை. இன்று ஒவ்வொரு தோழரின் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். அரசுக் காப்பகங்களில் உள்ள பதிவுகளின் படி, பாடியவரின் ஊருக்கும் சமூகத்துக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பாடியவர், ஆடியவர் பெயர் ஒவ்வொரு பதிவிலும் இடம்பெற வேண்டும். வணிகப் பயன்பாட்டில் அவர்களுக்குரிய பங்கு சேர வேண்டும். கலைஞர் குடியிருப்புகளை மறுசீரமைக்கும்போது, பயிற்சி இடமும் கருவிகளுக்கான இடமும் வீட்டுரிமையின் பகுதியாக ஏற்கப்பட வேண்டும்.

நமது கிளைகள் உடனடியாகச் செய்யக்கூடிய வேலையும் உண்டு. உங்கள் ஊரில் பறை இசைப்பவர், ஒப்பாரி பாடும் தாய், தெருக்கூத்து வாத்தியார், வில்லுப்பாட்டுக் குழுவினர் ஆகியோரை அணுகுங்கள். ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்ற விவரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் படியை அவர் கையிலேயே கொடுங்கள். அவரிடம் கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்களை அனுப்புங்கள். அவருக்கு நலவாரிய அட்டை, ஓய்வூதியம் ஆகியவை கிடைக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். கிடைக்கவில்லையெனில், மனு எழுதித் தருவதும் அந்தப் பதிவுப் பணியைச் சேர்ந்ததே.