கோப்பு யாருடைய மேசையில்?

கட்டுரை வாசிப்பவருக்குப் பதினைந்தாவது நிமிஷம் மணி அடிப்பார்கள். தலைமை தாங்குபவருக்கு அடிக்க மாட்டார்கள். கல்வி மாநாடுகளில் இன்னும் ஒழிக்கப்படாத ஜமீன் உரிமை அது ஒன்றுதான். அரியலூரில் கூடியிருக்கும் இந்த அவையில் தலைமை உரை அதை அளவோடு பயன்படுத்திக்கொள்ளும். எடுத்துக்கொண்ட பொருள், பண்பாட்டையும் ஊடகத்தையும் விளையாட்டையும் பார்த்துக்கொள்ளும் அரசுத் துறையின் வேலை என்ன என்பது. இதைப் பேச டெல்லிக்கோ லண்டனுக்கோ போக வேண்டியதில்லை. அணைக்கரை வரை போனால் போதும்.

1836இல் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழும்பியபோது பொறியாளர் ஆர்தர் காட்டனின் ஆட்களுக்குக் கல் தேவைப்பட்டது. பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் கருங்கல் மதில் நின்றது. பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஊர்மக்கள் குறுக்கே நின்றார்கள். அவர்களுக்குக் கிடைத்தது அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதியும் கிடைத்தது. 1855ஆம் ஆண்டுக் குறிப்பொன்று அந்த வாக்குறுதி அன்றுவரை நிறைவேறவில்லை என்று பதிவு செய்து வைத்திருக்கிறது. குறிப்பு எழுதியவரின் எரிச்சல் இன்று படித்தாலும் சுடுகிறது.

இதில் காட்டனைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. அணைக்கு ஒரு கோப்பு இருந்தது, பொறியாளர் இருந்தார், பணம் இருந்தது. மதிலுக்கு எந்த மேசையிலும் கோப்பு இல்லை. இந்தியத் தொல்லியல் துறை தொடங்கப்பட்டதே 1861இல்தான். மதில் கரைந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். அதே ஊரில் கோயில் கட்டடம் ஒன்றியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பூசையும் உண்டியலும் இந்து சமய அறநிலையத் துறைக்கு. கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி மாளிகைமேட்டில் அரண்மனைச் சுவரைத் தோண்டுவது மாநிலத் தொல்லியல் துறை. 1980களில் தோண்டியது, 2021இலிருந்து மறுபடியும் தோண்டியது. ராஜேந்திர சோழன் கங்கை நீரைக் கொண்டுவந்து வெற்றித் தூணாக நிறுத்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கொண்டாடும் சோழகங்கம், இன்றைய பொன்னேரி, நீர்வளத் துறையின் ஏரி. 2004இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் தஞ்சைக் கோயிலோடு இந்தக் கோயிலையும் தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே பாரிசிலும் ஒரு கோப்பு உண்டு. ஐப்பசிப் பௌர்ணமியில் பதின்மூன்றரை அடி லிங்கத்தைச் சோற்றால் மூடுகிறார்களே, அந்த நூறு மூட்டை அரிசியின் அன்னாபிஷேகம் மட்டும்தான் எந்தத் துறையும் தொடங்கி வைக்காமல் கூட்டம் சேர்க்கிறது.

2025 ஜூலையில் ராஜேந்திரன் பிறந்த நட்சத்திரமான ஆடித் திருவாதிரைக்கு ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் ஐந்து நாள் விழா எடுத்தது. பிரதமர் வந்தார், ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். மாநில அரசும் அதே திருவாதிரையை அரசு விழாவாக அறிவித்திருக்கிறது. ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு அழைப்பிதழ்! ராஜேந்திரனுக்கு இதில் மகிழ்ச்சியாகவே இருக்கும். ஆனால் உட்கோட்டையிலும் ஆயுதக்களத்திலும் மெய்க்காவல்புத்தூரிலும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சோழர் காலச் செங்கல் தட்டுப்பட்டால் யாரிடம் சொல்வது என்று அந்த ஊர்க்காரரைக் கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் வருவது சந்தேகம். விழாவுக்கு எல்லாத் துறையும் வரும். செங்கல்லுக்கு யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றையும் ஒரே துறையாக்கிவிட்டால் தீருமா? பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. 1992இல் ஜான் மேஜர் தேசிய மரபுத் துறை என்று ஒன்றைத் தொடங்கி, அருங்காட்சியகம், ஒலிபரப்பு, விளையாட்டு, சுற்றுலா எல்லாவற்றையும் அதற்குள் போட்டார். பத்திரிகைகள் அதற்குக் கேளிக்கை அமைச்சகம் என்று பட்டப்பெயர் வைத்தன. 1997இல் அது பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறை ஆனது, 2017இல் பெயரில் ‘டிஜிட்டல்’ நுழைந்தது, 2023இல் வெளியேறியது. பெயர்ப்பலகை எழுதுபவருக்கு நல்ல வருமானம்.

பெயர்ப்பலகை மாறுவது நமக்கும் பழக்கம்தான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் திரும்பச் சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் கோப்புகள் மூட்டை கட்டி லாரி ஏறின. கோப்பு ஊர் மாறலாம். கோயிலும் பாறையும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

பாறை என்றதும் நின்று பேச வேண்டியிருக்கிறது. உலகத்துப் புவியியல் புத்தகங்களில் அரியலூர் ஒரு ஊரின் பெயர் மட்டுமல்ல, ஒரு பாறைத் தொகுதியின் பெயர். 1860களில் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தப் பகுதியின் கடற்படிவப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் நிலைத்துவிட்டன. காரை கிராமத்துக்குப் பக்கத்துக் கரம்பு நிலத்தில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நடந்தால், ஆட்டுக்கொம்புபோலச் சுருண்டு, வரிவரியாக முகடு ஓடும் அம்மோனைட் ஒன்று காலில் இடறலாம். கையில் எடுத்தால் எடை கூடுதலாக இருக்கும். உள்ளே இருந்த உயிர் போய்க் கல் நிறைந்திருக்கிறது. இங்கே கடல் இருந்ததற்கு அதுவே சாட்சி. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது, ஏறக்குறைய 12 கோடி ஆண்டு வயது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார்.

இந்த மரம் எந்தத் துறையின் கோப்பு? பண்பாட்டுத் துறையினுடையது அல்ல. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் அதைக் காக்கிறது. அது சுரங்க அமைச்சகத்தின் கீழ் வருவது. சுண்ணாம்புக்கல் வெட்ட அனுமதி கொடுக்கும் நிர்வாகத்தின் குடும்பம் அது. அதில் ஒரு வேடிக்கையான நியாயமும் உண்டு: சிமெண்டுக்காகக் குவாரி வெட்டியிருக்காவிட்டால் பல படிவங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. வெட்டியதால் எத்தனை பொடியாகி மூட்டைக்குள் போயின என்பதற்கும் கணக்கில்லை. நூறு ஆண்டுச் சிலைக்குச் சட்டம் இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டு நத்தைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2022இல் புவிமரபுத் தளங்களுக்கான வரைவு மசோதா ஒன்று வெளியிடப்பட்டது. வரைவு வரைவாகவே நின்றது.

ஊடகம் இந்தக் கதைக்குள் நுழைவது முட்டை வழியாக. 2009இல் செந்துறைப் பகுதியில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டெடுத்தார்கள். அது செய்தியாயிற்று, நியாயமாகவே. 2020இல் குன்னத்தில் ஒரு குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் ஒரு நாளில் தீர்ப்பு எழுதிவிட்டது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து உருண்ட கல் என்று சொல்வதற்குள் படங்கள் ஊர் ஊராகச் சுற்றி முடித்திருந்தன. மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதே, அதன் பெரும்பாலான உழைப்பு அமைச்சர் அடிக்கல் நாட்டிய படத்தை நாளிதழ்களுக்கு அனுப்புவதில் செலவாகிறது. அன்று மாலையே, இது முட்டை இல்லை, முட்டையைவிடச் சுவையான பொருள் என்று நாலு வரி எழுதி அனுப்புவதுதான் அசல் வேலை. திருச்சி வானொலி 1939இலிருந்து இந்த வட்டாரத்தின் காதுக்குப் பழக்கமான குரல். மானாவாரி விவசாயிக்கு மழை எப்போது என்று சொன்ன அந்தக் குரலுக்குக் காலடியில் கிடக்கும் கல்லைப் பற்றிச் சொல்லவும் தெரியும்.

அடுத்து ஜல்லிக்கட்டு. அது பண்பாடா, விளையாட்டா? 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017இல் மெரினா திரண்டது, மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு திருத்தம் செல்லும் என்றது. இது தமிழர் மரபு என்ற சட்டமன்றத்தின் முடிவை ஏற்றுக்கொண்டது. மரபு என்று இத்தனை பெரிய நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஒன்றின் விதிமுறைகளை எந்தத் துறை எழுதியது? கால்நடைத் துறை. கலெக்டரிடம் மனு, வருவாய்த் துறை ஆய்வு, போலீஸ் பந்தோபஸ்து, கால்நடை மருத்துவரின் கொம்புச் சோதனை, ஆம்புலன்ஸ், இரட்டைத் தடுப்பு, தரையில் தென்னை நார்க் கழிவு. கலை பண்பாட்டுத் துறைக்கு அங்கே நாற்காலி கிடையாது, விளையாட்டு ஆணையத்துக்கும் கிடையாது. இது குறையென்று சொல்ல முடியவில்லை. வாடிவாசலில் முதலில் தேவைப்படுபவர் மருத்துவர்தான். மரபைப் பற்றிய கட்டுரையைச் சாயங்காலம் வாசித்துக்கொள்ளலாம்.

அரியலூர் கார்த்தி செல்வத்தின் கதை வேறு மாதிரி. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியாவுக்காக ஆடிய முதல் ஆட்டம், எதிரே பாகிஸ்தான், இந்தியாவின் ஒரே கோல் கார்த்தியுடையது. அடுத்த ஆண்டு சென்னையில் மலேசியாவை 4-3 என்று வென்று ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையைக் கைப்பற்றிய அணியிலும் அவர் இருந்தார். அவரை வளர்த்தது கோவில்பட்டி. 1992இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அங்கே நடத்தும் ஹாக்கி விடுதி. இங்கே துறை சரியாக வேலை செய்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். பையனைக் கண்டுபிடித்து, சோறு போட்டு, பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நின்றது. ஆனால் கோவில்பட்டி மூன்று தலைமுறையாக ஹாக்கி ஊர். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அப்படி ஒரு விளையாட்டு அமையுமா என்பதை இரண்டாம் அமர்வின் கட்டுரைகளுக்கு விட்டுவிடலாம்.

ஒதுங்கி நிற்பது துறைகளுக்குக் கடினம். பிரிட்டன் 1946இல் கலை மன்றத்தைத் தொடங்கியபோது பணத்தை அரசு கொடுக்கட்டும், யாருக்கு என்பதை மன்றம் முடிவு செய்யட்டும் என்று ஒரு கை தூர இடைவெளி வைத்தது. இங்கே இயல் இசை நாடக மன்றம் 1955இல் வேறு பெயரில் பிறந்து, இன்று கலைமாமணி விருதால் அறியப்படுகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007இலிருந்து நல வாரியம் உண்டு. நல்லதுதான். ஆனால் தப்பாட்டக்காரருக்கு அரசிடமிருந்து அதிகமாக வரும் அழைப்பு எதற்கு? டெங்கு விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு, ஹெல்மெட் விழிப்புணர்வு. பறையின் அடி அப்படியே இருக்க, பாட்டு மட்டும் சுகாதாரத் துறையினுடையது. கலையை ஆதரிப்பது ஒன்று, வாடகைக்கு எடுப்பது இன்னொன்று. கூலி கொடுக்கும் ரசீதில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

துறைகள் வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் கலை எப்படிப் பிழைத்தது என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் தன்வரலாற்றைவிட நல்ல ஆவணம் இல்லை. இசைவாணர் கனம் கிருஷ்ணையரை உடையார்பாளையம் ஜமீன் காத்தது. அவரிடம் பாடம் கேட்டவர் சாமிநாதையரின் தந்தை. அந்தத் தந்தைக்கு ஒரு காலத்தில் அரியலூர் ஜமீன் ஆதரவு. பையனுக்கு அரியலூரில் சடகோபையங்கார் பாடம் சொன்னார். ஜமீனின் கை தளர்ந்தபோது குடும்பம் இடம் பெயர்ந்தது. குன்னத்தில் இராமாயணப் பிரசங்கமும் ஊராரின் நெல்லும், பிறகு செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம். பின்னாளில் சங்க நூல்களை மீட்டவர் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்தில், ஒரு வேளாண் குடும்பத் திண்ணையில் செய்யுள் இலக்கணம் படித்தார். ஜமீனின் ஆதரவு ஒரே இடத்தில் நின்றது, ஜமீனோடு தளர்ந்தது. ஊரின் ஆதரவு சிறியது, ஆனால் அடுத்த ஊருக்கு நகர்ந்தது. துறை இதில் எதைப் போல இருக்கப் பார்க்கிறது என்று அதன் மானியக் கோரிக்கையைப் படித்தால் தெரிந்துவிடும்.

இரண்டு நாளும் வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் தலைமை ஒன்றைத்தான் கேட்கிறது: பேசும் பொருள் எதுவானாலும், கோயிலோ கல்மரமோ கபடித் திடலோ, அதன் கோப்பு இன்று யார் மேசையில் இருக்கிறது, எந்த இரண்டு மேசைக்கு நடுவில் விழுந்துவிட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிகளைச் சேர்த்தாலே இரு மாவட்டக் கலெக்டர்களிடமும் கொடுக்க ஒரு பட்டியல் தயாராகிவிடும்.

நாளை காலை கங்கைகொண்ட சோழபுரம் போகும் வண்டி அணைக்கரையில் கொஞ்ச நேரம் நிற்கும். கீழணையின் கற்களில் எவை மதிலிலிருந்து வந்தவை என்று கைகாட்டிச் சொல்லக்கூடியவர் அவையில் இருந்தால், முன் இருக்கை அவருக்கு. முதல் அமர்வுக்காரர்கள் மேடைக்கு வரலாம். உங்களுக்கு மணி உண்டு.