வயிறு ஏன் எரிகிறது?

(கொழும்புத்துறையில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில், சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நேற்று மாலை மலையகத்திலிருந்து வந்திறங்கிய எங்கள் பிள்ளைகள் இங்குள்ள கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்கள். கடனீரேரிக் கரைக் கிணறு, கொஞ்சம் உவர்க்கத்தான் செய்யும். 1977 கலவரத்துக்குப் பிறகு வடக்கில் குடியேறிய எங்கள் உறவுகளின் பிள்ளைகளோ, மலையில் பீலித் தண்ணீர் தேன்போல இருக்குமாமே என்று கேட்டார்கள். இருக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீரை நாக்கு சோதிப்பது வேறு, குடல் சோதிப்பது வேறு. அந்தப் பேச்சிலிருந்தே இன்றைய விடயத்தைத் தொடங்குகிறோம்.

கவ்வாத்து மலையில் கட்டை குத்திக் கால் கிழிந்தால் மறுநாள் என்ன நடக்கிறது? அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. அந்த வீக்கமும் சூடும் கட்டையின் வேலை அல்ல. காயத்தை எதிர்த்து நமது உடம்பே இரத்தத்தையும் அதிலுள்ள காவல் அணுக்களையும் அங்கே குவிக்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். வாயிலிருந்து ஆசனவாய் வரையுள்ள உணவுப் பாதையின் உட்தோலிலும் இதேதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் நாம் எல்லாவற்றுக்கும் 'கேஸ்டிக்' என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். நெஞ்சு எரிந்தாலும் கேஸ்டிக், வயிறு ஊதினாலும் கேஸ்டிக், மாரடைப்பு வந்தாலும் முதலில் கேஸ்டிக். கால் வீங்கினால் எந்தக் கட்டை குத்தியது என்று தேடுகிறோம். வயிறு எரிந்தால் மட்டும் அதைத் தேடாமல் கடையில் மாத்திரை வாங்குகிறோம்.

இரைப்பையை முதலில் பார்ப்போம். மிளகாயும் கவலையும் புளிப்பும்தான் இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என்று நம் பாட்டிமார் மட்டுமல்ல, உலகத்துப் பெரிய வைத்தியர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். அவ்வளவு அமிலத்துக்குள் எந்தக் கிருமியும் உயிர்வாழாது என்பது அவர்கள் எண்ணம். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரன், பரி மார்ஷல் என்ற இரண்டு வைத்தியர்கள் நோயாளிகளின் இரைப்பைத் தோலில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைக் கண்டார்கள். வளர்த்துப் பார்த்தார்கள், வளரவில்லை. 1982இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. வழக்கமாக இரண்டு நாளில் வீசப்படும் தட்டுகள் விடுமுறை முடியும்வரை அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அப்போதும் மற்ற வைத்தியர்கள் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி. குழாய் விட்டுப் பார்த்தபோது அவரது இரைப்பை அழன்றிருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் யாரும் இப்படிச் செய்து பார்க்க வேண்டாம்!

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபக்டர் பைலோரி. பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகிறது. எல்லோருக்கும் புண் வருவதில்லை. ஆனால் நீண்ட நாள் இருந்தால் சிலருக்குப் புண்ணும், இன்னும் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோயும் வரலாம். பரிசோதித்து உறுதிசெய்தால் வைத்தியர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு, பெரும்பாலும் இரண்டு வாரம் எடுக்க வேண்டும். காரணம் கிருமியாக இருக்கும்போது வெறும் ஒமிப்பிரசோலை மட்டும் மாதக் கணக்கில் விழுங்கினால் எரிச்சல் அடங்கும், கிருமி அங்கேயே இருக்கும். மிளகாய் இருக்கும் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணை உண்டாக்குவதில்லை. சம்பலை விட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று யாரும் இருக்க வேண்டாம்.

எங்கள் மக்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அது நோவு மாத்திரை. கூடையைத் தலையில் கட்டி நாள் முழுக்கச் சரிவில் நிற்கும் அக்காமாருக்கு முதுகு, தோள், முழங்கால் எல்லாம் நோகும். பிரட்டுக்குப் போகுமுன் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று ஐபுபுரூஃபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் போடுகிறார்கள். காலையில் வயிற்றில் இருப்பது சாயத்தண்ணி மட்டும். நம் இரைப்பை சுரக்கும் அமிலம் இறைச்சியையே கரைக்கும். அது இரைப்பையையே கரைத்துவிடாமல் ஒரு வழவழப்புப் படலம் காக்கிறது. இந்த மாத்திரைகள் நோவை உண்டாக்கும் பொருளைத் தடுக்கும்போது, அந்தப் படலத்தைக் காக்கும் பொருளையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. ஊசியாகப் போட்டாலும் இதேதான், ஏனென்றால் மருந்து இரத்தத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்கிறது. நோவு தெரியாமலே புண் ஆழமாகி, ஒரு நாள் கறுப்பாக மலம் போகும். அல்லது இரத்த வாந்தி வரும்.

பெனடோல் இரைப்பையை இப்படிச் சுடுவதில்லை. அதற்காக அளவு மீறக்கூடாது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போனால் ஈரலைக் கெடுக்கும். மெலிந்தவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அந்த எட்டைக்கூடத் தொடக்கூடாது. கசிப்பும் சாராயமும் இரைப்பையின் உட்தோலை நேரடியாகவே அரிக்கின்றன. சுருட்டும் சிகரெட்டும் வந்த புண்ணை ஆறவிடுவதில்லை. இதைச் சொன்னால் தோழர்கள் சிலர் வெளியே பார்க்கிறீர்கள். பரவாயில்லை, காது இங்கேதானே இருக்கிறது.

இனிக் குடலுக்கு வருவோம். தண்ணீரின் கதை இங்கேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணக்கல் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்கிறது. அதையே கிணற்றில் அள்ளுகிறோம். அதே வளவில் மலசலகூடக் குழியும் இருக்கிறது. கொழும்புத்துறை போன்ற நெருக்கமான இடங்களில் வளவு சிறிது, நம் கிணற்றுக்கும் அடுத்த வீட்டுக் குழிக்கும் நடுவில் ஒரு மதில்தான். மணல் வடிகட்டுவதுபோலச் சுண்ணக்கல் வெடிப்பு வடிகட்டாது. குழியிலிருந்து கசிவது கிணற்றுக்கு வந்து சேர்ந்துவிடும், மாரி காலத்தில் இன்னும் வேகமாக. இலங்கையில் நெருப்புக் காய்ச்சல் கூடுதலாகப் பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று.

நெருப்புக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது குடலில் தொடங்கும் நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உடம்பின் காவல் அணுக்கள் திட்டுத் திட்டாகக் கூடியிருக்கும். அந்தக் கிருமி அந்தக் காவல் நிலையத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அங்கே அழற்சி உண்டாகிப் புண்ணாகிறது. கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரமளவில் குடலில் இரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். காய்ச்சல் விட்டதும் மருந்தை இடையில் நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மலையில் நிலவரம் வேறு. அங்கே தண்ணீர் கீழே தேங்குவதில்லை, மேலிருந்து ஓடி வருகிறது. மேல் லயத்துக் கழிவு கீழ் லயத்துப் பீலிக்கு வருகிறது. இங்கே கிணறும் குழியும் பக்கத்துப் பக்கத்தில். அங்கே ஒன்றின் மேல் ஒன்று. குடிக்கும் குடலுக்கு இரண்டும் ஒன்றுதான். சீதபேதியை உண்டாக்கும் சிகெல்லாக் கிருமி நூற்றுக்கும் குறைவாக உள்ளே போனாலே போதும், பெருங்குடல் அழன்று சளியும் இரத்தமுமாகப் போகும். பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தைக்கு வந்தால் அடுத்த குழந்தைக்கு வர அதிக நாள் ஆகாது.

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்களும் சொல்கிறோம். நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். நுவரெலியா போன்ற உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம் விடுவது நல்லது. ஆனால் அந்த விறகை யார் சுமப்பது? எட்டு மணி நேரம் கொழுந்தெடுத்து வந்த பெண்தான். மலையில் கை கழுவத் தண்ணீர் இல்லை, மலசலகூடம் இல்லை. மருந்தடித்த மண்ணும் சாயமும் ஒட்டிய கையோடு ரொட்டியைப் பிட்டுத் தின்ன வேண்டியிருக்கிறது. ஒதுங்க இடம் இல்லை என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத சகோதரிகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். 'சுத்தமில்லாத சனங்கள்' என்று நம்மைச் சொல்வதை இனிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மடுவத்துக்கு அருகில் ஒரு குழாய், ஒரு சவர்க்காரம், கதவு உள்ள ஒரு மலசலகூடம் என்ற கோரிக்கை சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். கிணற்றையும் பீலியையும் சோதிக்கச் சொல்லி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள். தனி ஆளாகப் போகாதீர்கள், கமிட்டியாகப் போங்கள்.

கிருமியும் இல்லை, மாத்திரையும் இல்லை, ஆனாலும் மாதக் கணக்கில் வயிற்றோட்டம், இரத்தம், எடை குறைவு என்று சிலருக்கு வரும். உடம்பின் காவல் அணுக்களே குடலை எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய்கள் உண்டு. பேய், செய்வினை என்று அலைய வேண்டாம். குழாய் விட்டுப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும், தொடர்ந்து மருந்தும் இருக்கிறது.

கறுப்பு மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் மெலிதல், விழுங்கும்போது அடைப்பு, வயிறு பலகைபோல் இறுகுதல், நான்கு நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் ஓமத் தண்ணீரோடு நிற்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு முதல் வேலை, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு ஜீவனி பைக்கற் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா துண்டுச் சீட்டில் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். "முழங்கால் நோவுக்கு இரண்டு வருடமாக மாத்திரை போடுகிறேன். நிறுத்தினால் மலை ஏற முடியாது, ஏறாவிட்டால் பெயர் விழாது. என்ன செய்ய?" அக்கா, முதலில் அந்த மாத்திரை அட்டையைக் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் காட்டுங்கள். அது எந்த வகை என்று பார்ப்போம். வெறும் வயிற்றில் போடுவதை நாளையிலிருந்தே விடுங்கள், ஆனால் சாப்பிட்டுப் போட்டால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கவனியுங்கள். இரண்டு வருடம் போட்டது வைத்தியருக்குத் தெரிய வேண்டும். இரைப்பையைக் காக்கும் மருந்து தேவையா, நோவுக்கு வேறு வழி உண்டா என்று அவர் சொல்வார். முழங்கால் தேறும்வரை செங்குத்து மலையை விட்டு இலகுவான வேலை தரும்படி கேட்கும் கடிதத்தை, வைத்தியச் சான்றிதழோடு, சங்கம் எழுதித் தரும்.