டெரெசின் ஓவிய வகுப்பு



பத்து வயதை எட்டும் பிள்ளை தன் கைக்கோட்டைத் தானே ஐயுறத் தொடங்குகிறது. கண்ணில் கண்டது தாளில் வரவில்லையே என்று அழிப்பானைத் தேடுகிறது. அந்த வயதினர்க்கு ஓவியம் கற்பித்தவர்களுள் ஒருவர் பிரீடல் டிக்கர் பிராண்டைஸ். கற்பித்த இடம் டெரெசின்; நாஜிகள் யூதரை அடைத்துவைத்த அரண் நகரம்.

வைமாரின் பௌஹௌஸ் பள்ளியில் இட்டனிடம் பயின்ற அவர், 1942 டிசம்பரில் அங்குக் கொண்டுசெல்லப்பட்டபோது தம் பயணப்பெட்டியில் ஓவியப் பொருள்களையும் எடுத்துச் சென்றார். அவருடைய பயிற்சிகளில் ஒன்று, ஆசிரியை தட்டும் தாளத்திற்குக் கை கோடிழுப்பது. யாப்பறிந்த இவ்வவைக்கு அதன் பயனை விளக்க வேண்டுவதில்லை. பூச்சாடி, சன்னல்வழிக் காட்சி, பயன்படுத்திய அலுவலகப் படிவங்களைக் கிழித்து ஒட்டிய படங்கள் எனப் பிறவும் உண்டு. பிள்ளை தன் வழியைத் தானே காணவேண்டும் என்பது அவர் கொள்கை. ஒன்றை மட்டும் வற்புறுத்தினார்: படத்தில் பெயர் எழுதவேண்டும். மனிதரை எண்ணிட்டு நடத்திய இடத்தில் அது சிறிய செயலன்று.

1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். மாணவருள் பெரும்பாலோர்க்கும் அதே முடிவு. இரண்டு பெட்டிகளில் காக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் போருக்குப்பின் பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தை அடைந்தன. பலவற்றில் பெயர் இருக்கிறது.