அளவறிந்து வெட்டுவோம்

(உம்பாய் வட்டாரத் தோட்டத் தாய்மார்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

அதிகாலையில் பெரட்டுக்குச் சென்று, நிரை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் கவனித்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமையை நான் அறிவேன். ஆகவே, நாளைக்கே பயன்படக்கூடிய ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் உடலை முறையாக அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு தாளில் மாதிரி வரைந்து, அம்மாதிரியின்படி துணியை வெட்டித் தைப்பது எவ்வாறு என்பதே அப்பொருள்.

பால்மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் ஆன பின்னரே அதில் உளி வைக்கிறோம். ஒல்லியான மரத்தைத் தனியே விட்டுவிடுகிறோம். பக்கத்து மரம் பருத்துவிட்டது என்பதற்காக இந்த மரத்தை யாரும் வெட்டுவதில்லை. மரத்திற்குக் காட்டும் இந்தக் கவனத்தை நம் உடலுக்கு நாம் காட்டுகிறோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? மெர்லிமாவிலோ ஜாசினிலோ துணி வாங்குகிறார்கள். அதனுடன் பழைய ரவிக்கை ஒன்றையும் சேர்த்துத் தையற்கடையில் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு 'அளவு ரவிக்கை' என்று பெயர். அந்த அளவு ரவிக்கையோ, அதற்கு முன்பிருந்த மற்றொரு ரவிக்கையைப் பார்த்துத் தைத்ததாக இருக்கும். முதல் ரவிக்கையில் தோள் இறங்கியிருந்தால் பத்தாவது ரவிக்கையிலும் அது இறங்கியே இருக்கும். பலமுறை துவைத்த துணி சில இடங்களில் சுருங்கியும் சில இடங்களில் நெகிழ்ந்தும் போயிருக்கும். அது காட்டுவது உங்கள் இன்றைய உடலின் அளவன்று. பழைய துணியின் அளவே ஆகும்.

இப்பழக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. தையற்கடையில் ஆடவர் ஒருவர் முன் நின்று அளவு கொடுக்க நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். அது இயல்பானதே. ஆனால் அதன் விளைவு என்ன? கையைத் தூக்கினால் அக்குளில் கிழிகிறது. குனிந்தால் முதுகு ஏறுகிறது. நாள் முழுவதும் குனிந்தும் நிமிர்ந்தும் கை ஓங்கியும் உழைக்கும் ஒருவருக்கு இஃது அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. உடலுக்குப் பொருந்தாத சட்டை உழைப்பவரைத் துன்புறுத்தும், விரைவில் கிழியும், உழைத்துச் சேர்த்த வெள்ளியையும் வீணாக்கும். பெண்களைப் பெண்களே அளக்கத் தெரிந்துகொண்டால், லயத்திலேயே இக்குறை தீர்ந்துவிடும்.

"கடையில் ஆயத்த ஆடை கிடைக்கிறதே; அளவு எண் அச்சிட்ட தாள் மாதிரிகளும் கிடைக்கின்றனவே" என்று சிலர் கேட்கலாம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சற்றே பார்ப்போம். பல அளவுகளில் தாள் மாதிரிகளை வெட்டி விற்கும் வழக்கத்தை 1863ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பட்டரிக் என்ற தையற்காரர் பரப்பினார். அது வீட்டில் தைப்போருக்குப் பெரும் உதவியாயிற்று என்பதில் ஐயமில்லை. பின்னர் 1939, 1940ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. அந்த அறிக்கை 1941இல் வெளிவந்தது. 1958இல் அந்நாட்டில் வகுக்கப்பட்ட பெண்கள் ஆடை அளவு முறைக்கு இதுவே அடிப்படையாக அமைந்தது. ஆனால் அதில் கணக்கில் கொள்ளப்பட்டவை வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே. நம் பாட்டியையோ தாயையோ எவரும் அளக்கவில்லை. மக்களின் உடலமைப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுவதை உணர்ந்தே, இந்தியாவிலும் தம் மக்களை அளந்து அளவு முறை வகுக்கும் பணி அண்மைக் காலத்தில் மேற்கொள்ளப்பட்டது.

ஆகவே, கடையில் வாங்கிய சட்டை பொருந்தவில்லையென்றால், "என் உடம்பு சரியில்லை" என்று எண்ணி நாணுவது தவறு. உடலில் குறையில்லை, அந்தச் சட்டை வேறொருவரின் அளவுக்கு வெட்டப்பட்டது, அவ்வளவே.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். அளவு நாடாவில் ஒரு பக்கம் 60 அங்குலமும் மறுபக்கம் சுமார் 150 சென்டிமீட்டரும் இருக்கும். எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரே மாதிரிக்கு இரண்டையும் கலக்காதீர்கள். ஒருவர் தம்மைத் தாமே அளந்துகொள்வது சரிவராது. இருவர் சேர்ந்து, ஒருவரை ஒருவர் அளந்து, மூன்றாமவர் குறித்துக்கொள்வது நன்று. அளவு கொடுப்பவர் இயல்பாக நிற்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு கொடுத்த அளவு, சாப்பிட உட்காரும்போது தெரிந்துவிடும்!

மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, தோள் அகலம், கை நீளம், மேற்கைச் சுற்று ஆகியவற்றை எல்லாரும் அறிவர். பலர் விட்டுவிடும் மூன்று அளவுகள் உள்ளன. பொருத்தம் அவற்றில்தான் இருக்கிறது.

முதலாவது, முன் நீளமும் பின் நீளமும். கழுத்தோரத் தோளிலிருந்து முதுகு வழியாக இடுப்பு வரை ஒரு முறையும், அதே இடத்திலிருந்து மார்பின் மேலாக இடுப்பு வரை ஒரு முறையும் அளக்க வேண்டும். பெண்களுக்குப் பெரும்பாலும் முன் நீளமே அதிகமாயிருக்கும். முதுகு கூனியவர்களுக்குப் பின் நீளம் கூடும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு வெட்டினால், சட்டை முன்புறமோ பின்புறமோ தூக்கிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது, கைக்குழிச் சுற்று. தோள் முனையின் மேலாக, அக்குள் வழியாக நாடாவைச் சுற்றி அளப்பது. கைக்குழி பெரிதாக இருந்தால் கை தாராளமாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு மாறானது. கைக்குழி மிகவும் கீழே இறங்கினால், கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் கையோடு மேலேறும். அக்குளை இறுக்காமல், அதே வேளையில் அதற்கு அண்மையில் அமைந்த கைக்குழியே உழைப்பவருக்கு ஏற்றது. நம் மலாய்ச் சகோதரிகளின் பாஜு கூரோங்கைப் பாருங்கள். அதன் அக்குளில் 'கேக்கேக்' என்னும் சிறு சதுரத் துணியை வைத்துத் தைக்கிறார்கள். கை தடையின்றி ஓங்குவதற்கு அவர்கள் கண்ட வழி அது.

மூன்றாவது, இரு தோள்களையும் தனித்தனியே அளப்பது. பல ஆண்டுகள் ஒரே தோளில் காண்டா சுமந்தவர்களுக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கலாம். ஆடவர் சட்டைக்கும் இதை அளந்து பார்த்தல் வேண்டும். அரை அங்குல வேறுபாடும் கழுத்துப்பட்டையை ஒரு பக்கமாக இழுத்துவிடும்.

இப்போது தாளில் வரைவோம். தையற்காரர்கள் 'பேப்பர் கட்டிங்' என்று சொல்வது இதைத்தான். பழைய செய்தித்தாளே போதும். ஓர் எடுத்துக்காட்டு: மார்புச் சுற்று 36 அங்குலம், இடுப்புச் சுற்று 30, தோள் அகலம் 14, பின் நீளம் 15, முன் நீளம் பதினாறரை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பின்பகுதி. தாளின் இடது ஓரத்தை நடு முதுகாகக் கொள்க. துணியை மடித்து வெட்டப் போவதால் பாதி உடலை வரைந்தால் போதும். மேற்கோட்டிலிருந்து கீழே 15 அங்குலம் அளந்து இடுப்புக் கோடு போடுக. மேற்கோட்டில் கழுத்துக்காக இரண்டே முக்கால் அங்குலம் விட்டு, தோளின் பாதியாகிய 7 அங்குலத்தில் ஒரு புள்ளி வைத்து, அதை முக்கால் அங்குலம் கீழே இறக்குக. கழுத்துப் புள்ளியையும் இதையும் இணைத்தால் தோளின் சாய்வு கிடைக்கும். அடுத்து, மார்புச் சுற்றில் ஆறில் ஒரு பங்கு 6 அங்குலம். அதனுடன் ஒன்றரை கூட்டினால் ஏழரை. மேற்கோட்டிலிருந்து ஏழரை அங்குலம் கீழே மார்புக் கோடு. அதில், மார்புச் சுற்றின் கால் பங்காகிய 9 அங்குலத்துடன் தளர்வுக்காக அரை அங்குலம் கூட்டி, ஒன்பதரையில் புள்ளி வைக்க. இடுப்புக் கோட்டில், 30இன் கால் பங்கு ஏழரை, தளர்வுக்கு அரை, 'டார்ட்' எனும் பிடிப்புத் தையலுக்கு ஒன்று, ஆக 9 அங்குலம். தோள் முனையையும் மார்புப் புள்ளியையும் உட்குழிந்த வளைவால் இணைத்தால் கைக்குழி. மார்புப் புள்ளியையும் இடுப்புப் புள்ளியையும் இணைத்தால் பக்கக் கோடு. கழுத்தை விரும்பிய ஆழத்தில் வளைத்துக்கொள்க.

முன்பகுதியும் இவ்வாறே, ஆனால் நீளம் பதினாறரை. அதனால் முன்பகுதியின் பக்கக் கோடு, பின்பகுதியினுடையதைவிட ஒன்றரை அங்குலம் கூடுதலாக நிற்கும். அதை வெட்டி எறிந்துவிடக் கூடாது. பக்கத்திலிருந்து மார்பின் முனையை நோக்கி ஒரு பிடிப்புத் தையலாக அதை மடித்துவிட வேண்டும். அத்தையல் முனைக்கு ஓர் அங்குலம் முன்னதாகவே முடிதல் நன்று. அப்போது பக்கக் கோடுகள் இரண்டும் சமமாகும்; முன்பகுதியில் உடலுக்கேற்ற குழிவும் உண்டாகும். தட்டையான துணி உடலின் வடிவத்தைப் பெறும் இரகசியம் இவ்வளவுதான்.

பின்னர் ஒரு சோதனை. முன், பின் கைக்குழி வளைவுகளின் மேல் நாடாவை நிமிர்த்தி வைத்து அளந்து கூட்டுங்கள். உடலில் எடுத்த கைக்குழிச் சுற்றைவிட அது ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் சரி. குறைந்தால் மார்புக் கோட்டைச் சிறிது இறக்குக, மிகுந்தால் உயர்த்துக. சூத்திரம் ஊருக்குப் பொது; உடல் அவரவருக்குத் தனி. இரண்டும் மாறுபட்டால் உடலையே நம்புங்கள்.

வரைந்தது உடலின் அளவு. தையலுக்கென்று அதற்கு வெளியே இடம் விட வேண்டும். கழுத்துக்குக் கால் அங்குலம், தோளுக்கும் கைக்குழிக்கும் அரை அங்குலம், பக்கங்களில் ஓர் அங்குலம் விடுவது நல்லது. உடல் பருத்தால் பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

புதுத் துணியில் உடனே கத்திரி வைக்காதீர்கள். பழைய வேட்டியிலோ கிழிந்த சாரோங்கிலோ வெட்டி, நீளத் தையலாகத் தைத்து, அணிந்து பாருங்கள். கையை ஓங்குங்கள், மரத்தடியில் குனிவதுபோல் குனியுங்கள். எங்கே சுருக்கம் விழுகிறதோ அங்கே குறித்து, அந்தத் திருத்தத்தைத் தாளில் செய்யுங்கள். பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். இல்லையேல் முதற் சலவையிலேயே அளவெல்லாம் பொய்யாகிவிடும். தாள்களைத் துணியின் மேல் இப்படியும் அப்படியும் அடுக்கிப் பார்த்துவிட்டு வெட்டினால் துணியும் மிச்சமாகும்.

திருத்திய மாதிரியைத் தடித்த தாளில் மீண்டும் வரைந்து, பெயர், தேதி, அளவுகள், துணியின் நூலோட்டம் செல்லும் திசை ஆகியவற்றை அதில் எழுதி, உறையிலிட்டு வையுங்கள். வளரும் பிள்ளைகளை ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளக்க வேண்டும். பள்ளிப் பெண்பிள்ளையின் நீல நிறப் பினாஃபோரையும் வெள்ளைச் சட்டையையும் வீட்டிலேயே தைக்கலாம். கீழ்மடிப்பைத் தாராளமாக விட்டால் அடுத்த ஆண்டும் இறக்கிக்கொள்ளலாம்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்க்கே உரிய ஆசையால் மற்றொன்றும் சொல்கிறேன். மாதிரி வரையும்போது உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து, "36இல் கால் பங்கு எவ்வளவு? ஏழரையும் ஒன்றும் எத்தனை?" என்று கேளுங்கள். பள்ளியில் பின்னம் என்றால் அஞ்சும் பிள்ளைக்கு, அம்மாவின் சட்டையில் அது விளங்கிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளை குறித்துக் கொடுக்கட்டும். பிள்ளைக்குத் தாய் வெட்டக் கற்றுக் கொடுக்கட்டும்.

இது வருமானத்திற்கும் வழியாகும். மழைக் காலத்தில் பால்வெட்டு நிற்கிறது. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. அந்நாட்களில் தையல் இயந்திரம் கைகொடுக்கும். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர் தைத்துத் தருகிறார்கள். பலர் ஒன்றுகூடினால் சிறு தொழிலும் பெரும் தொழிலாகும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு. நம் நாட்டில் சமுதாய மேம்பாட்டு இலாகாவாகிய கெமாஸ் பல காலமாகத் தையல் வகுப்புகளை நடத்தி வந்துள்ளது. சமூகக் கல்லூரிகளிலும் குறுகியகாலப் பயிற்சிகள் உண்டு. அருகில் எங்கே, எப்போது வகுப்பு நடைபெறுகிறது என்பதைத் தனியாகச் சென்று கேட்கத் தயங்குவோர், நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

துணியைப் பார்த்துத் தைப்பவர் பழைய தவற்றையே மீண்டும் தைக்கிறார். உடலைப் பார்த்துத் தைப்பவர் அதைத் திருத்துகிறார். ஒரு நாடா, ஒரு பென்சில், சில பழைய செய்தித்தாள்கள், நம்பிக்கைக்குரிய ஒரு தோழி: தொடக்கத்திற்கு வேண்டியவை இவையே. இந்த வார ஓய்வுநாளில் ஒரே ஒருவரையாவது அளந்து, ஒரே ஒரு மாதிரியாவது வரைந்து பாருங்கள் என்று அன்புடன் கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.